கல்யாணப் பாட்டைக் கணனியில் தேடி எடுத்து வைப்பது எப்படி?



இந்த இதழின் கணனிப் பாடம் கல்யாண வீட்டைப் பற்றியது. பாடத்துக்கு முன்னால் எங்கள் கண் முன்னே நடந்த ஒரு சங்கதியைச் சொல்லி விடுகிறோம். ஏன் இந்தப் பாடம் என்பது அதிலேயே விளங்கும்.

எங்கள் தோட்டத்தில் கவ்வாத்து வேலை செய்யும் ஒருவர் தனது மூத்த மகளை மன்னார்ப் பக்கம் கட்டிக் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் அந்நியர் அல்ல. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு இறங்கி, முருங்கன் பக்கம் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணியை நம்பிக் குடியேறிய நம்முடைய சனம்தான். கல்யாணம் மன்னார் டவுனில் ஒரு மண்டபத்தில். நாங்களும் பெண் வீட்டாரோடு பஸ்ஸில் போயிருந்தோம்.

அன்று நல்ல முகூர்த்த நாள். சுற்று வட்டாரத்து மேளக்காரர் எல்லாரையும் வேறு வீட்டார் முன்கூட்டியே பேசி விட்டார்கள். தூரத்தில் இருந்து கூப்பிட இரு வீட்டாருக்கும் கை இடம் கொடுக்கவில்லை. “அதுக்கென்ன, போனில் நாதஸ்வரம் போட்டு ஸ்பீக்கரில் விட்டால் போச்சு” என்று ஒரு தம்பி பொறுப்பெடுத்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. ஐயர் கையை உயர்த்தி “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்றார். மாப்பிள்ளை தாலியை எடுத்துக் கழுத்துக்குக் கொண்டு போகிற அந்த நேரம் பார்த்து மேளம் நின்றது. சலவைத் தூள் விளம்பரம் ஒன்று மண்டபம் முழுக்க ஒலித்தது!

சிரித்தவர்கள் சிரித்தார்கள். பெண்ணின் தகப்பனார் தலையைக் குனிந்து கொண்டார். அப்போது மாப்பிள்ளையின் அப்பாயி எழுந்து நின்று குலவை போட்டார். கூட இருந்த பெண்களும் சேர்ந்து குலவை போட, அந்தச் சத்தத்தில் தாலி ஏறியது. மானம் காப்பாற்றப்பட்டது. என்றாலும் அந்தத் தகப்பனாரின் முகம் எங்களுக்கு மறக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அதே வீட்டில் மாப்பிள்ளையின் தங்கச்சிக்குக் கல்யாணம். “சேர், இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது. கொஞ்சம் முன்கூட்டியே வந்து பாருங்கோ” என்று கூப்பிட்டார்கள். நாலு நாள் முன்னதாகப் போய், அந்த வீட்டுக் கணனியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்த வேலையைத்தான் இங்கே பாடமாகத் தருகிறோம்.

1. முதலில் கணனி அல்ல, கொப்பியும் பேனையும்

கணனியைப் போட்டவுடன் தேடத் தொடங்கினால் நேரம்தான் போகும். எந்தச் சடங்குக்கு எந்த இசை, எத்தனை நிமிஷம் என்று முதலில் எழுதிக் கொள்ள வேண்டும். நாங்கள் எழுதியது இப்படி:

மாப்பிள்ளை வரவேற்பு – 15 நிமிஷம். முகூர்த்தத்துக்கு முன் மெல்லிய நாதஸ்வரம் – 1 மணித்தியாலம். தாலி கட்டு, கெட்டிமேளம் – 5 நிமிஷம். அம்மி மிதித்தல், ஆசீர்வாதம் – 45 நிமிஷம். சாப்பாட்டு நேரம் – 2 மணித்தியாலம். பின்னேரம் நலங்கு – அரை மணித்தியாலம்.

கெட்டிமேளம் ஏன் அவ்வளவு சத்தமாக, வேகமாக அடிக்கப்படுகிறது தெரியுமா? தாலி ஏறும் நேரத்தில் தும்மல், அழுகை, வேண்டாத வார்த்தை எதுவும் காதில் விழக் கூடாது என்பதற்காகத்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆகவே இந்த ஒரு பாட்டில் மட்டும் குறை வரவே கூடாது. ஒரு நிமிஷம் போதும் என்று நினைக்காதீர்கள். தாலி முடிச்சுப் போட நேரம் எடுக்கலாம். 5 நிமிஷம் தொடர்ந்து வாசித்த பதிவு ஒன்றை எடுத்து வையுங்கள்.

ராகத்திலும் கவனம் தேவை. கல்யாணி, மோகனம், ஆனந்தபைரவி போன்றவை மங்கள நேரத்துக்கு உகந்தவை. முகாரி சோகத்துக்குரியது என்று தள்ளி வைப்பது வழக்கம். சினிமாப் பாட்டு என்றால் மெட்டை மட்டும் நம்பாமல் வரிகளை முழுக்கக் கேளுங்கள். பல்லவி சந்தோஷமாக இருக்கும், சரணத்தில் பிரிவு வந்து நிற்கும்.

மன்னாரில் மூன்று சமயத்தவரும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறார்கள். வங்காலை, பேசாலை போன்ற ஊர்களில் கோவிலில் திருமணம் என்றால், பூசை நேரத்துப் பாடல்களைப் பங்குத்தந்தையிடம் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். சினிமாப் பாட்டு மண்டபத்துக்கு வந்த பிறகுதான். எருக்கலம்பிட்டி, தாராபுரம் பக்கம் நிக்காஹ் வீடு என்றால், வாத்திய இசை வேண்டுமா வேண்டாமா என்று வீட்டுப் பெரியவரிடம் முதலிலேயே கேட்பது மரியாதை. தோட்டத்திலும் அப்படியே. யாருடைய வீட்டுக் கல்யாணமோ அவர்களுடைய முறைக்கு ஏற்ப இசை அமைய வேண்டும்.

2. பதிவிறக்கம் என்றால் என்ன?

இணையத்தில் பாட்டுக் கேட்பது குழாயில் தண்ணி குடிப்பது மாதிரி. குழாய் நின்றால் தண்ணி நின்றது. பதிவிறக்கம் என்பது குடத்தில் பிடித்து வீட்டில் வைப்பது. முதல் கல்யாணத்தில் நடந்த பிழை இதுதான். அந்தத் தம்பி குழாயை நம்பினார், குடத்தில் பிடிக்கவில்லை. சிக்னல் குறைந்தாலும், டேட்டா முடிந்தாலும், இடையில் விளம்பரம் வந்தாலும் குழாய் நின்று விடும். கணனியில் இறக்கிப் பென் டிரைவில் போட்ட பாட்டுக்கு இந்த மூன்று பயமும் இல்லை.

பாட்டுக் கோப்புகளில் பல வகை உண்டு. நமக்குப் பழக்கமானது எம்.பி.3. ஜெர்மனியில் பிராவுன்ஹோபர் நிறுவனத்து ஆய்வாளர்கள் உருவாக்கிய முறை இது. 1995இல் இந்தப் பெயர் வந்தது. மனிதக் காதுக்கு எட்டாத சத்தங்களைக் கழித்து விட்டுக் கோப்பைச் சிறிதாக்குவதுதான் இதன் சூட்சுமம்.

அளவை இப்படி நினைவில் வைக்கலாம். 128 கிலோபிட் தரத்தில் ஒரு நிமிஷப் பாட்டுக்கு ஏறக்குறைய 1 எம்.பி. வேண்டும். 320 கிலோபிட் தரத்தில் ஏறக்குறைய 2.4 எம்.பி. சீ.டி.யில் உள்ளபடியே எடுத்தால் 10 எம்.பி.க்கு மேல். மண்டபத்துப் பெரிய ஸ்பீக்கருக்கு 320 நல்லது. 128இல் உள்ளதைப் பெரிய ஸ்பீக்கரில் விட்டால் தவில் சத்தம் தகரம் அடித்த மாதிரிக் கேட்கும். 128ஐ இறக்கி 320 ஆக மாற்றினால் தரம் கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். கூடாது. கழித்து விட்ட சத்தம் திரும்பி வராது, கோப்பு மட்டும்தான் பெருக்கும்.

நமது பட்டியலைக் கூட்டினால் ஏறக்குறைய நாலரை மணித்தியாலம், அதாவது 275 நிமிஷம். 320 தரத்தில் இறக்கினாலும் 660 எம்.பி.தான் வரும். 8 ஜி.பி. பென் டிரைவில் பத்தில் ஒரு பங்கு கூட நிரம்பாது. ஆனால் பாட்டுக்குப் பதிலாகப் படத்தோடு சேர்ந்த வீடியோவை இறக்கினால் டேட்டா பல மடங்கு போகும். கேட்பதற்கு மட்டும் என்றால் ஒலியை மட்டும் எடுங்கள்.

3. எங்கே, எப்படித் தேடுவது?

ஒரு காலத்தில் பாட்டு நம்மைத் தேடி வந்தது. 1949இல் ரேடியோ சிலோன் என்ற பெயர் பெற்று, 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆன நமது வானொலியைக் கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுச் சனமும் காத்திருந்து கேட்டார்கள். இப்போது நாம்தான் பாட்டைத் தேடிப் போக வேண்டும். தேடத் தெரிந்தால்தான் கிடைக்கும்.

முதலாவது, தமிழிலும் ஆங்கில எழுத்திலும் இரண்டு விதமாகவும் தேடுங்கள். ‘நாதஸ்வரம்’ என்றும் ‘நாதசுரம்’ என்றும் ‘நாகஸ்வரம்’ என்றும் எழுதுகிறார்கள். ஒன்றில் கிடைக்காதது இன்னொன்றில் கிடைக்கும்.

இரண்டாவது, ‘கல்யாணப் பாட்டு’ என்று பொதுவாகத் தேடினால் ஆயிரம் வரும், ஒன்றும் உதவாது. கலைஞர் பெயரோடு தேடுங்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956), காருகுறிச்சி அருணாசலம், நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன், ஷேக் சின்ன மௌலானா ஆகியோரின் நாதஸ்வரப் பதிவுகள் உண்டு. சின்ன மௌலானா முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்து, மங்கள இசைக்கே வாழ்வைக் கொடுத்தவர் என்பது நம் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. நமது நாட்டில் அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரமும், 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் தவிலும் இந்தியாவிலும் பேர் பெற்றவை. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் சிவாஜி வாசிப்பது போல் வரும் நாதஸ்வரம் மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது. படத்தின் பெயரோடு தேடினாலும் அது கிடைக்கும்.

மூன்றாவது, நம்பகமான இடத்தில் தேடுங்கள். 1996இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இலவச நூலகத்தில் பழைய இசைத்தட்டுப் பதிவுகள் ஏராளம். ஈழத்து நூல்களைச் சேர்த்து வைக்க 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஒலிப்பதிவுகளையும் ஆவணகம் என்ற தளத்தில் சேர்த்து வருகிறது. காசு கொடுத்துப் பாட்டு வாங்கும் தளங்களும் உண்டு. ஒரு சில பாட்டுத்தான் வேண்டும் என்றால் வாங்கி விடுவதே நிம்மதி.

யூடியூப்பைப் பற்றிக் கேட்பீர்கள். அங்கே கேட்கலாம், எந்தப் பதிவு நல்லது என்று தெரிவு செய்யலாம். ஆனால் அவர்களே தரும் வசதியைத் தவிர வேறு வழியில் அங்கிருந்து இறக்குவதை அவர்களின் விதிகள் அனுமதிப்பதில்லை. கட்டணம் கட்டி அந்தச் செயலிக்குள் சேமிக்கலாம். அப்படிச் சேமித்ததும் பென் டிரைவுக்கு வராது, அந்தப் போனில்தான் ஒலிக்கும். விளம்பரம் மட்டும் குறுக்கே வராது.

4. கண்ணி வைத்த இடங்கள்

‘இலவசப் பாட்டு’ என்று சொல்லும் பல தளங்களில் பதிவிறக்கப் பொத்தான் ஒன்றுக்கு நாலு இருக்கும். பெரிதாகப் பச்சை நிறத்தில் மின்னுவது பெரும்பாலும் விளம்பரம்தான். அந்த வீட்டுத் தங்கச்சி அப்படி ஒன்றை அமுக்கி விட்டார். இறங்கிய கோப்பின் பெயர் பாட்டின் பெயர்தான். ஆனால் முடிவில் எம்.பி.3 என்று இல்லை, எக்ஸ்.இ. என்று இருந்தது. எக்ஸ்.இ. என்றால் அது பாட்டு அல்ல, கணனிக்குள் புகுந்து வேலை செய்யும் ஒரு புரோகிராம். திறக்காமல் அழித்து விட்டோம். திறந்திருந்தால் அந்தப் பிள்ளையின் பரீட்சைக் குறிப்பெல்லாம் போயிருக்கலாம்.

ஆகவே மூன்று விஷயம். கோப்பின் முடிவு எழுத்தைப் பாருங்கள். அளவைப் பாருங்கள், 5 நிமிஷப் பாட்டு அரை எம்.பி.யில் இருக்க முடியாது. பாட்டுத் தருவதாகச் சொல்லி வங்கிக் கார்ட் இலக்கமோ, போனுக்கு வரும் இரகசிய இலக்கமோ கேட்டால் உடனே மூடி விடுங்கள்.

5. பாட்டு யாருடையது?

“இணையத்தில் கிடக்குது, எடுத்தால் என்ன?” என்று பிள்ளைகள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ரோட்டோரத்து மாமரத்துக்கும் சொந்தக்காரர் உண்டு அல்லவா?

நமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு பாட்டை ஆக்கியவருக்கு அவர் வாழ்நாளும், மறைந்த பின் 70 ஆண்டும் உரிமை உண்டு. தியாகராஜ சுவாமிகள் 1847இல் மறைந்தவர். அவர் கீர்த்தனையை யாரும் வாசிக்கலாம், பாடலாம். ஆனால் அதே கீர்த்தனையைப் போன வருஷம் ஒருவர் வாசித்து ஒலிப்பதிவு செய்திருந்தால், அந்தப் பதிவு அவருக்கும் வெளியிட்டவருக்கும் உரியது. பாட்டு வேறு, பதிவு வேறு. இதை விளங்கிக் கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சினிமாப் பாட்டில் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், வெளியிட்டவர் என்று பலருக்குப் பங்கு உண்டு.

நாம் கொழுந்து பறித்த கூலிக்காகக் குரல் கொடுப்பவர்கள். வாசித்தவன் கூலியும் கூலிதான்.

6. அலுமாரியில் உள்ள கசெட்

தேடுகிற பாட்டு இணையத்தில் இல்லாமல் உங்கள் வீட்டு அலுமாரியிலேயே இருக்கலாம். மன்னாரில் பழைய கசெட் கிடைப்பது அபூர்வம். யுத்தத்தில் எத்தனையோ குடும்பங்கள் ஓடி ஓடி இடம்பெயர்ந்தன. 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் தீவை விட்டு வெளியேற்றப்பட்டபோது கையில் எடுத்ததுதான் மிச்சம். கசெட்டை யார் எடுப்பார்கள்? தோட்டத்தில் நம் லயங்களில் அவை இன்னும் இருக்கின்றன. ஆனால் மலைக்குளிரில் பூஞ்சணம் பிடிக்கின்றன.

கசெட்டைக் கணனிக்கு மாற்றுவது கஷ்டம் அல்ல. டேப்பின் ஹெட்போன் துவாரத்தில் இருந்து கணனியின் ஒலி உள்ளே போகும் துவாரத்துக்கு இரண்டு பக்கமும் முனை உள்ள ஒரு வயர் போதும். லெப்டொப்பில் அந்தத் துவாரம் இல்லாவிட்டால் யூ.எஸ்.பி.யில் செருகும் சிறு கருவி ஒன்று கடையில் வாங்கலாம். ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளைத் திறந்து, பதிவுப் பொத்தானை அமுக்கி, டேப்பை ஓட விடுங்கள். சத்தத்தைக் காட்டும் கோடு சிவப்பில் முட்டாமல் பாருங்கள். முட்டினால் பாட்டு உடைந்து கேட்கும். ஒரு மணித்தியாலக் கசெட்டுக்கு ஒரு மணித்தியாலம் ஆகும், அவசரப்பட முடியாது. வெகுநாள் ஓடாத கசெட்டை முதலில் ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றி எடுங்கள். பூஞ்சணம் தெரிந்தால் துடைக்காமல் டேப்பில் போட வேண்டாம்.

7. கல்யாண நாளில்

கோப்புகளுக்கு 01, 02, 03 என்று முன்னால் இலக்கம் போட்டுப் பெயர் வையுங்கள். மண்டபத்து அம்ப்ளிபையர் பலவற்றில் தமிழ் எழுத்துத் தெரியாது, இலக்கம் தெரியும். பென் டிரைவை எப்.ஏ.டி.32 முறையில் போமட் செய்யுங்கள். பழைய செட்கள் வேறு முறையைப் படிப்பதில்லை. போமட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்பதால், பாட்டைப் போடுவதற்கு முன்னாலேயே இதைச் செய்ய வேண்டும்.

பென் டிரைவ் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். மூன்றாவது பிரதி ஒரு போனில் இருக்கட்டும். அந்தப் போனை விமானப் பயண நிலையில் போட்டு விட்டால் அழைப்பும் வராது. முதல் நாள் பின்னேரமே சவுண்ட் செட்காரரிடம் போய், அதே செட்டில், எல்லாப் பாட்டையும் ஒவ்வொரு நிமிஷம் ஓட்டிப் பாருங்கள். ஒரு பாட்டு மெல்லமாகவும் அடுத்தது காதைக் கிழிப்பதாகவும் இருந்தால், ஓடாசிட்டியில் சத்தத்தைச் சமப்படுத்தி விடலாம். கரண்ட் போனால் ஜெனரேட்டர் எவ்வளவு நேரத்தில் ஓடும் என்றும் கேட்டு வையுங்கள்.

பாட்டுப் பொறுப்பு ஒருவருக்கே. அவர் ஐயரின் கையைப் பார்த்தபடி நிற்க வேண்டும், படம் எடுக்கப் போகக் கூடாது. ஸ்பீக்கருக்குப் பொலிஸ் அனுமதி எடுங்கள். இரவு 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2007இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதையும் மறக்க வேண்டாம்.

இன்னொன்று. மேளக்காரர் கிடைத்தால், வசதியும் இருந்தால், அவர்களையே கூப்பிடுங்கள். தோட்டத்தில் தப்பு அடிப்பவர் இருந்தால் அவருக்கு முதல் மரியாதை கொடுங்கள். ஐயரின் கண்ணைப் பார்த்து நிறுத்தவும் நீட்டவும் பென் டிரைவுக்குத் தெரியாது.

8. கணனியில் இல்லாத பாட்டு

எங்கள் பட்டியலில் எல்லாம் கிடைத்தது, நலங்குப் பாட்டைத் தவிர. முதல் கல்யாணத்தில் குலவை போட்ட அதே அப்பாயி, “நான் தோட்டத்தில் இருந்தபோது படிச்ச நலங்குப் பாட்டு வேணும்” என்று கேட்டார். எத்தனை விதமாகத் தேடியும் அது வரவில்லை. எப்படி வரும்? அதை யாரும் எங்கும் பதியவில்லையே.

“நீங்களே படியுங்க அப்பாயி, நாங்கள் பதியுறோம்” என்றோம். மின்விசிறியை நிறுத்தி, கோழிகளைத் துரத்தி விட்டு, போனை ஒரு தலையணையில் வைத்துப் பதிந்தோம். நல்லாகத்தான் படித்தார். பாதியில் நின்று விட்டார். மீதி வரி ஞாபகம் இல்லை. கண் கலங்கிப் போய் உட்கார்ந்திருந்தார்.

பிறகு அவரே, “என் தங்கச்சிக்குத் தெரியும், அவ இன்னும் தோட்டத்தில்தானே இருக்கா” என்றார். போன் எடுத்தோம். அந்தப் பக்கம் லயத்து வாசலில் இருந்து தங்கச்சி படிக்க, இந்தப் பக்கம் அக்கா சேர்ந்து கொண்டார். பாதிப் பாட்டு மன்னாரில் இருந்தது, பாதிப் பாட்டு தோட்டத்தில் இருந்தது. அன்று இரண்டும் ஒன்றாகிப் பதிவாயிற்று. நலங்கு நேரம் அந்தப் பாட்டு ஸ்பீக்கரில் வந்தபோது இரு வீட்டுப் பெண்களும் கூடவே படித்தார்கள். அப்பாயி தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்கள். 1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கிய பின் வந்தவர்களும் அந்தக் கரையைத்தான் முதலில் மிதித்தார்கள். கையில் மூட்டை, வாயில் பாட்டு. அந்தப் பாட்டுகள் எந்த இணையத் தளத்திலும் இல்லை. உங்கள் வீட்டு அம்மாயி, அப்பாயி வாயில்தான் இருக்கின்றன. கல்யாணத்துக்குப் பாட்டுத் தேடும் பிள்ளைகள் கணனிக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் இருந்தால், அவர்களுக்கு முன்னாலும் ஒரு மணித்தியாலம் இருக்கட்டும். பதிந்ததை இரண்டு இடத்தில் சேமியுங்கள். பாடியவர் பெயர், தோட்டம், பிரிவு, திகதி ஆகியவற்றையும் எழுதி வையுங்கள்.

பாடத்தை மீட்டுப் பார்ப்போம்

1. இணையத்தில் நேரடியாகக் கேட்பதற்கும் பதிவிறக்கம் செய்வதற்கும் என்ன வித்தியாசம்?
2. 320 தரத்தில் 10 நிமிஷ நாதஸ்வரத்துக்கு எத்தனை எம்.பி. தேவை?
3. பாட்டு என்று இறங்கிய கோப்பு எக்ஸ்.இ. என்று முடிந்தால் என்ன செய்வீர்கள்?
4. தியாகராஜர் கீர்த்தனையின் புதிய ஒலிப்பதிவு யாருக்கு உரியது?
5. உங்கள் வீட்டில் நலங்குப் பாட்டு, கும்மிப் பாட்டு தெரிந்தவர் யார்? அவரிடம் எப்போது போவீர்கள்?

முதல் நாலு கேள்விக்கும் விடை இந்தப் பாடத்திலேயே உண்டு. ஐந்தாவது கேள்விக்கு உங்கள் வீட்டில்தான் விடை இருக்கிறது. பதிய உதவி வேண்டுமானால் உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், நாங்கள் வருகிறோம்.